உந்தத்துக்கு முதலில் அம்பு போடுங்கள்: கேரம் போர்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைப் போடுவேன். ஒரு பந்து சுவரில் நேராக மோதி அதே வேகத்தில் திரும்புகிறது. உந்தத்தில் ஏற்பட்ட மாற்றம் என்ன? பாதிப் பேர் பூஜ்ஜியம் என்று எழுதுவார்கள். "வேகம் மாறலையே சார்" என்பது வாதம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்த வயதில் பூஜ்ஜியம் என்றுதான் எழுதினேன், சிவப்பு மையில் வட்டம் வாங்கினேன்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பு முடிந்ததும் இதே பிள்ளைகள் கீழே தெருமுனையில், தலைக்கு மேல் ஒரு பல்பைத் தொங்கவிட்டு கேரம் ஆடுவார்கள். ஸ்ட்ரைக்கர் காயினை எந்த இடத்தில் தொட்டால் காயின் எந்தப் பக்கம் போகும், ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் விலகும் என்று மயிரிழை பிசகாமல் தெரியும். விரலுக்குத் தெரிந்தது பேனாவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க கேரம் போர்டைச் சுற்றியே நகரும். ஒரு லாரியும் ஒரு படகும் நடுவில் வந்து போகும். வடசென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான பலகை இல்லை. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார்.

முதல் படி: அம்பு முதலில், எண் அப்புறம்

உந்தம் = நிறை × திசைவேகம். ஆங்கில வழியில் படிப்பவர்கள் மொமென்டம் என்பார்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வலது பக்கம் இருக்கும் சொல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது வேகம் இல்லை, திசைவேகம். தமிழில் திசை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நிறைக்குத் திசை கிடையாது, அது வெறும் எண். அதைத் திசைவேகத்தோடு பெருக்கினால் அம்பின் நீளம் மாறுமே தவிர திசை மாறாது. ஆக, பொருள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே உந்தமும் பார்க்கும்.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காயின் 5 முதல் 5.5 கிராம் வரை. நாம் 15, 5 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தத்தின் அளவு 15 × 2 = 30 கிராம் மீட்டர்/வினாடி. தேர்வில் இதை 0.03 கிலோகிராம் மீட்டர்/வினாடி என்று எழுதுங்கள். இங்கே தசமப் புள்ளித் தொல்லை வேண்டாம் என்பதால் 30 என்றே சொல்லப் போகிறேன்.

30 என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். எந்தப் பக்கம் 30? எனவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது: கணக்கைப் படித்ததும் எண்ணைத் தொடாமல் முதலில் அம்பு வரையுங்கள். கோட்டுத்தாள் இருந்தால் 1 சென்டிமீட்டருக்கு 5 என்று அளவுகோல் வைத்து 6 சென்டிமீட்டருக்கு ஒரு அம்பு. நீளம் அளவைச் சொல்லும், முனை திசையைச் சொல்லும்.

இரண்டாம் படி: திசைக்குப் பெயர் வையுங்கள்

நம் ஊரில் இது சுலபம். கிழக்கே கடல். யாரிடம் வழி கேட்டாலும் கடல் பக்கம் என்றுதான் கையைக் காட்டுவார்கள். கடல் பக்கம் கூட்டல் குறி, அதற்கு எதிர்ப்பக்கம் கழித்தல் குறி. வடக்கு இன்னொரு கூட்டல், தெற்கு அதன் கழித்தல். இந்தத் தேர்வு உங்கள் விருப்பம். தலைகீழாக வைத்தாலும் விடை கெடாது. நடுக் கணக்கில் மாற்றினால்தான் கெடும்.

கழித்தல் 30 என்றால் உந்தம் 30-ஐ விடக் குறைந்தது என்று அர்த்தமில்லை. கடலுக்கு முதுகு காட்டிப் போகிறது என்று மட்டுமே அர்த்தம்.

மூன்றாம் படி: மாற்றம் என்றால் அம்பைக் கழிப்பது

இப்போது அந்தப் பழைய சுவர்க் கேள்வி. ஸ்ட்ரைக்கர் கடல் பக்கம் 30 உந்தத்தோடு போய் போர்டின் ஓரக்கட்டையில் நேராக மோதி, அதே வேகத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். மோதிய பின் −30, மோதும் முன் +30. மாற்றம் = −30 − 30 = −60. பூஜ்ஜியம் எங்கே, 60 எங்கே! நின்றுபோயிருந்தால்கூட மாற்றம் 30-தான். நிறுத்தி, மறுபடி எதிர்ப்பக்கம் தள்ளியதால் இரட்டிப்பு. அந்த 60-ஐக் கொடுத்தது கட்டை. அதனால்தான் நன்றாக அடித்தால் போர்டே ஸ்டூல் மேல் நகர்கிறது.

சாய்வாக மோதினால்? அம்பை இரண்டு கூறாகப் பிரியுங்கள்: கட்டைக்குச் செங்குத்தாக ஒன்று, கட்டையை ஒட்டி ஒன்று. செங்குத்துக் கூறு மட்டும் திரும்பும். ஒட்டிப் போகும் கூறு, உராய்வை விட்டுவிட்டால், அப்படியே இருக்கும். கட்டையில் அடித்து எதிர் பாக்கெட்டுக்கு அனுப்பும் வித்தை முழுக்க இந்த ஒரு வரிதான்.

திசை மட்டும் மாறினாலும் உந்தம் மாறும் என்பதை நம்ப மறுப்பவர்களுக்கு, எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கன்டெய்னர் லாரி வடக்கே வருகிறது, கடல் அதன் வலது கைப்பக்கம். சுமையோடு 40 டன், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர். உந்தம் வடக்கே 2,00,000 கிலோகிராம் மீட்டர்/வினாடி. அது இடது பக்கம் ஒடித்து மேற்கே திரும்புகிறது, அதே வேகத்தில். ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. மாற்றம் எவ்வளவு?

கழிக்க வேண்டிய அம்பைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டுங்கள். மேற்கே 2,00,000, அதோடு தெற்கே 2,00,000. இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் விடை சுமார் 2,82,800, தென்மேற்கு நோக்கி. வடக்கே ஓடிய வண்டிக்குத் தென்மேற்கே இவ்வளவு பெரிய தள்ளு. அதை டயருக்கும் தார்ச் சாலைக்கும் இடையிலான உராய்வுதான் கொடுத்தாக வேண்டும். மழை நாளில் வளைவில் டிரைலர் வழுக்குவதும், அதன் பக்கத்தில் பைக்கை ஓட்டிப் போகக் கூடாது என்று வீட்டில் கத்துவதும் இந்தக் கணக்கால்தான்.

நான்காம் படி: நேர் அடி

ஸ்ட்ரைக்கர் 30 உந்தத்தோடு வந்து, நின்றுகொண்டிருக்கும் காயினை மையத்துக்கு மையமாக அடிக்கிறது. மோதலுக்கு முன் மொத்தம் 30. பின்னாலும் மொத்தம் 30. இதுதான் உந்தம் மாறா விதி. மோதும் நேரம் கண் சிமிட்டலைவிட மிகக் குறைவு. அதற்குள் போர்டின் உராய்வு ஒன்றும் செய்துவிட முடியாது என்பதால்தான் இங்கே இதை நம்பிப் பயன்படுத்துகிறோம். போரிக் பவுடர் தூவுவது உராய்வை இன்னும் குறைக்கத்தான்.

ஆற்றலும் வீணாகாத மீட்சி மோதல் என்று கொண்டால், கணக்கு அழகாக விழுகிறது. ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 1 மீட்டராகக் குறைகிறது. காயின் 3 மீட்டரில் ஓடுகிறது. சரி பாருங்கள்: 15 × 1 + 5 × 3 = 30. காயின், தன்னை அடித்த ஸ்ட்ரைக்கர் வந்ததைவிட வேகமாகப் போகிறது!

உண்மையில் கொஞ்சம் ஆற்றல் சத்தமாகவும் சூடாகவும் போகும். அப்போது காயின் 2.7, ஸ்ட்ரைக்கர் 1.1 என்று வரலாம். 15 × 1.1 + 5 × 2.7, மறுபடியும் 30. ஆற்றல் கசிந்தாலும் உந்தக் கணக்கு கசியாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் "ஆற்றல் குறைந்தது, அதனால் உந்தமும் குறைந்தது" என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

இதில் ஆட்டக்காரனுக்கும் ஒரு சேதி இருக்கிறது. நேர் அடியில் ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தை, அதே திசையில், மிச்சம் வைத்துக்கொள்கிறது. காயின் பாக்கெட்டில் விழுந்ததும் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழும், ஃபைன். தெருவில் இதைச் சொல்லிக் கொடுக்கும் அண்ணன்கள் "நேரா வச்சு அறையாத, தட்டி விடு" என்பார்கள். வேகம் குறைவாக இருந்தால் மிச்ச உந்தத்தை உராய்வு பாக்கெட்டுக்கு முன்பே தின்றுவிடும்.

ஐந்தாம் படி: கட்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். உந்தம் ஒரு வெக்டர், அதாவது அளவோடு திசையும் உள்ளது, என்று நூறு முறை சொல்வதைவிட, காயினை ஓரத்தில் உரசி அடிக்கும் ஒரு கட் ஷாட்டைப் பிரித்துப் பார்ப்பது மேல்.

ஸ்ட்ரைக்கர் காயினைத் தொடும் அந்த நொடியில் இரண்டின் மையங்களையும் ஒரு கோட்டால் இணையுங்கள். தள்ளு அந்தக் கோட்டில்தான் நடக்கும். ஆகவே காயின் அந்தக் கோட்டில்தான் கிளம்பும், ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கமிருந்து வந்திருந்தாலும் சரி. நல்ல ஆட்டக்காரர்கள் காயினைப் பார்ப்பதில்லை. பாக்கெட்டிலிருந்து காயின் வழியாகப் பின்னோக்கி இந்தக் கோட்டை மனதில் இழுத்து, அதன் மேல் ஸ்ட்ரைக்கரின் மையம் வந்து நிற்க வேண்டிய இடத்தைப் பார்க்கிறார்கள்.

ஸ்ட்ரைக்கர் நேராக முன்னே வினாடிக்கு 2 மீட்டரில் போகிறது. காயினின் வலது விளிம்பை மெல்லியதாக உரசுகிறது. மையக் கோடு முன்திசைக்கு 60 டிகிரி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

முதலில் ஸ்ட்ரைக்கரின் திசைவேகத்தை மையக் கோட்டின்படி பிரியுங்கள். கோட்டின் வழியே 2 × கொசைன் 60 = 1. கோட்டுக்குச் செங்குத்தாக 2 × சைன் 60 = 1.73. செங்குத்துக் கூறு மோதலில் பங்கேற்காது. கோட்டின் வழியே இருக்கும் 1 மட்டும் நான்காம் படியின் நேர் அடியைப் போல நடந்துகொள்ளும்: காயினுக்கு 1.5, ஸ்ட்ரைக்கருக்கு மிச்சம் 0.5.

காயினின் உந்தம் 5 × 1.5 = 7.5, இடப்பக்கம் 60 டிகிரியில். அதை முன்-பக்கவாட்டு என்று பிரித்தால் முன்னே 3.75, இடப்பக்கம் 6.5.

மொத்தம் முன்னே 30, பக்கவாட்டில் பூஜ்ஜியம். எனவே ஸ்ட்ரைக்கரிடம் இருப்பது முன்னே 30 − 3.75 = 26.25, வலப்பக்கம் 6.5. இந்த வலப்பக்க 6.5 இல்லாமல் கணக்கு நிற்காது. காயின் இடப்பக்கம் எவ்வளவு எடுத்துப் போகிறதோ, அவ்வளவையும் ஸ்ட்ரைக்கர் வலப்பக்கம் எடுத்துப் போயே ஆக வேண்டும். பக்கவாட்டில் யாருமே எதையும் கொண்டுவரவில்லை அல்லவா?

இப்போது ஸ்ட்ரைக்கரின் அம்பு நீளம்: 26.25-ஐயும் 6.5-ஐயும் இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 27. கோணம் வலப்பக்கம் சுமார் 14 டிகிரி.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இதைப் பாருங்கள். காயின் 7.5, ஸ்ட்ரைக்கர் 27. இரண்டையும் வெறும் எண்ணாகக் கூட்டினால் 34.5. ஆரம்பத்தில் இருந்தது 30. உந்தம் வளர்ந்துவிட்டதா? இல்லை. கோட்டுத்தாளில் 5.4 சென்டிமீட்டர் அம்பு ஒன்றை வலப்பக்கம் 14 டிகிரியில் வரையுங்கள். அதன் முனையில் ஆரம்பித்து 1.5 சென்டிமீட்டர் அம்பை இடப்பக்கம் 60 டிகிரியில் வரையுங்கள். இரண்டாவதன் முனை, நாம் முதலில் வரைந்த 6 சென்டிமீட்டர் அம்பின் முனையில் போய் உட்காரும். மாறாமல் இருப்பது எண்களின் கூட்டுத்தொகை இல்லை, அம்புகளின் கூட்டுத்தொகை.

இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள் சாதாரணப்பட்டவர்களும் இல்லை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே தெக்கார்த் 1644-ல் எழுதியபோது, உலகத்தில் இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்றார். ஆனால் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு திசையை அதில் சேர்க்காமல் விட்டார். அவர் சொன்ன மோதல் விதிகளில் பெரும்பாலானவை தவறாகப் போயின. 1668-69 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் கேட்டுக்கொண்டதன் பேரில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்களும் மோதலை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் திசை கணக்குக்குள் வந்தது. ஆக, 34.5 என்று எழுதிய பையனிடம் நான் கோபப்படுவதில்லை. நல்ல துணையோடுதான் தவறியிருக்கிறான்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் தெருவில் பந்தயம் கட்டுவார்கள். நின்றிருக்கும் ஒரே ஒரு காயினில் பட்டு ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் திரும்ப முடியும்? எப்படித் தொட்டாலும் ஒரு வரம்பு உண்டு. அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு, காயின் நிறையை ஸ்ட்ரைக்கர் நிறையால் வகுத்தால் வருவது: 5/15. அதாவது சுமார் 19.5 டிகிரி. காயின் 5.5 கிராம் என்றால் 21.5 வரை. அதற்கு மேல் திரும்பியது என்று யாராவது சத்தியம் செய்தால், பக்கத்தில் இன்னொரு காயின் இருந்திருக்கும், இல்லையென்றால் கட்டையில் பட்டிருக்கும். கனமானது லேசானதில் பட்டுப் பின்னால் துள்ளாது என்பதும் இதே கணக்கின் இன்னொரு முகம்.

ஆட்டத்தின் முதல் அடியில் 19 காயின்களும் நாலா பக்கமும் சிதறுகின்றன. கட்டையைத் தொடும் வரைக்கும், உராய்வை விட்டுவிட்டால், அத்தனை அம்புகளையும், ஸ்ட்ரைக்கருடையதையும் சேர்த்து, ஒன்றன் முனையில் ஒன்றாக ஒட்டினால் அந்தப் பழைய 30-தான் வரும். ஒரு காயின் உங்களை நோக்கித் திரும்பி வந்தால், மற்றவை அந்த அளவுக்கு அதிகமாக முன்னே போயிருக்கின்றன.

ஆறாம் படி: மொத்தம் பூஜ்ஜியமாக இருக்கும்போது

இது சின்னப் படி. காசிமேட்டில் கட்டாத ஃபைபர் படகிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். படகும் ஆளும் நிற்கும்போது மொத்த உந்தம் பூஜ்ஜியம். 60 கிலோ ஆள் கரையை நோக்கி வினாடிக்கு 2 மீட்டரில் தாவுகிறார் என்றால் அவர் உந்தம் 120. எஞ்சின், வலை எல்லாம் சேர்த்துப் படகு 600 கிலோ என்று வைத்தால், அது எதிர்ப்பக்கம் 120 எடுத்துக்கொண்டு வினாடிக்கு 0.2 மீட்டரில் பின்வாங்கும். தண்ணீரின் தடையை விட்டுவிட்டேன். கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

மொத்தம் பூஜ்ஜியம் என்றால் யாரும் அசையவில்லை என்று பொருளில்லை. 120-உம் 120-உம் எதிரெதிராக நிற்கின்றன. ஆற்றலுக்குத் திசை இல்லை, அதனால் ஆற்றலாகப் பார்த்தால் இரண்டும் கூடுமே தவிர பூஜ்ஜியம் ஆகாது. திசையிலிக்கும் வெக்டருக்கும் இதைவிடத் தெளிவான வேறுபாடு கிடைக்காது.

ஏழாம் படி: போனை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

நான் சொன்னதை நம்ப வேண்டாம். போனில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால், வினாடிக்கு 240 படம் என்று வைத்து, போர்டுக்கு நேர் மேலே யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாய்த்துப் பிடித்தால் கோணம் எல்லாம் பொய் சொல்லும். அளவுகோலுக்கு வேறெங்கும் போக வேண்டாம். போட்டி போர்டின் ஆடுபரப்பு ஒரு பக்கம் 73.5 முதல் 74 சென்டிமீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அவசரப்பட்டுப் பலமாக அடிக்காதீர்கள், படம் கலங்கிவிடும்.

கட் ஷாட்டை எடுங்கள். மோதலுக்கு முன் ஐந்து படம், பின் ஐந்து படம் போதும். அதற்குப் பிறகு உராய்வு தன் வேலையைக் காட்டும். உந்தத்தின் பக்கவாட்டுக் கூறுகள் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பத்துக்கு ஒன்று பிசகினால் பரவாயில்லை. விளிம்புகள் உரசும்போது காயின் கொஞ்சம் சுழலும், அதனால் 60 டிகிரி என்று குறித்தது ஒன்றிரண்டு டிகிரி தள்ளிப் போகும்.

அடுத்து, ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டு ஒரு காயினையே சுண்டி இன்னொரு காயினில் ஓரமாக மோதவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும், எங்கே தொட்டாலும். ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் இது நடக்காது. நம் கட் ஷாட்டில் இடையிலிருந்தது 74 டிகிரி.

இதிலிருந்து ஒரு கணக்கு, எங்கள் மாடியில் கடைசியாகக் கொடுப்பது. மோதிய பிறகு ஒரு காயினின் உந்தம் 6, இன்னொன்றினுடையது 8, இடையில் செங்கோணம். மோத வந்த காயினின் உந்தம் என்ன? 14 என்று ஒரு குரல் வரும். அம்பை வரைந்தவர்களுக்கு 10 கிடைக்கும்: 36-உம் 64-உம் சேர்ந்து 100. வந்த காயின் வினாடிக்கு 2 மீட்டர், பிரிந்தவை 1.2, 1.6. ஆற்றலையும் சரி பாருங்கள்: 1.2-இன் இருமடி 1.44, 1.6-இன் இருமடி 2.56, கூட்டினால் 4, அதாவது 2-இன் இருமடி. நிறைகள் சமம் என்பதால் ஆற்றல் கணக்கே பிதாகரஸ் தேற்றமாக வந்து நிற்கிறது. இரண்டு காயின்களும் செங்கோணத்தில் பிரிய அதுதான் காரணம்.